அடையாளம் மாறும் கதாபாத்திரம்: இளையோர் அறிவியல் நாவல் எழுதத் தொடங்குபவர்களுக்கு

புதிதாக எழுதுபவர்களின் அறிவியல் நாவல்களைக் கையெழுத்துப் பிரதியாகவே படிக்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று கண் விழிக்கிறது. கண்ணாடியில் வேறொரு முகம். அலறல். அடுத்த நாற்பது பக்கம் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம். கடைசி அத்தியாயத்தில் பழைய முகம் திரும்பக் கிடைக்கிறது, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். படித்து முடித்ததும் எனக்கு ஒரே கேள்விதான் மிஞ்சும். அந்த முகம் மாறாமலே இருந்திருந்தால் இந்தப் பிள்ளை எந்த விதத்தில் வேறாக இருந்திருக்கும்? பெரும்பாலும், எந்த விதத்திலும் இல்லை. மாற்றம் முகத்தோடு நின்றுவிட்டது, ஆளைத் தொடவே இல்லை.

இளையோர் நாவலில் இது பெரிய குறை. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை உள்ள வாசகருக்கு ‘நான் யார்’ என்பது தத்துவ வகுப்புக் கேள்வி இல்லை. குரல் உடைகிறது, உடம்பு வளர்கிறது, போன வருடம் உயிராக இருந்த நண்பன் இந்த வருடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காலையில் ஒரு ஆளாகவும் மாலையில் இன்னொரு ஆளாகவும் உணர்கிற வயது அது. அவர்களிடம் உடல் மாற்றம், நினைவு மாற்றம், நகல் மனிதர் என்று கதை சொல்லும்போது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறோம். பொய்யாக எழுதினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விளக்கம் காற்றில் தொங்கக் கூடாது என்பதால் ஒரு சிறு கதையை வைத்துக்கொண்டே போகலாம். கடலடியில் ஓர் ஆய்வு நிலையம். அங்கே வாழும் குடும்பம் ஒன்றில் ஆதிரைக்குப் பதினாறு வயது, தம்பி முகிலுக்கு ஒன்பது. அழுத்த அறையில் நடந்த விபத்தில் ஆதிரையின் உடல் போய்விடுகிறது. அவள் மூளையிலிருந்து எடுத்த பதிவை ஒரு இயந்திர உடலில் ஏற்றுகிறார்கள். அது எழுந்து நடந்து வீட்டுக்கு வருகிறது. கரு புதியதல்ல, புதியதாக இருக்கவும் வேண்டாம். அதை என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பார்ப்போம்.

முதல் படி: எது மாறுகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள்

அடையாளம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நாலைந்து சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன. உடல் ஒன்று, நினைவு ஒன்று. மற்றவர்கள் தரும் பெயரும் இடமும் ஒன்று. ‘ஒரே ஆள்’ என்ற எண்ணிக்கையும் ஒன்று, ஏனென்றால் நகல் வந்துவிட்டால் ஆள் இரண்டாகிவிடுகிறது. முதல் நாவலில் இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உடலும் மாறி, நினைவும் அழிந்து, பெயரும் போய், நகலும் வந்துவிட்டால் எந்த மாற்றம் எந்த வலியைத் தந்தது என்று வாசகருக்குப் புரியாது, உங்களுக்கும் புரியாது.

உடலையும் நினைவையும் பிரித்துப் பார்ப்பது பழைய விளையாட்டு. ஒரு இளவரசனின் நினைவெல்லாம் செருப்புத் தைப்பவனின் உடலுக்குள் புகுந்துவிட்டால் அங்கே இருப்பது யார் என்று ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1694-இல் கேட்டார். நம்மிடம் அதற்கும் மூத்த கதை இருக்கிறது. இறந்துபோன இடையன் மூலனின் உடலில் ஒரு யோகி கூடுவிட்டுக் கூடு பாய்ந்து திருமூலர் ஆன கதை. அதை நான்காம் படியில் எடுத்துக்கொள்வோம், அதில் நாவலாசிரியருக்கு ஒரு புதையலே இருக்கிறது.

நகல் கதை எழுத விரும்புபவர்களுக்கு டெரக் பார்ஃபிட் என்ற தத்துவஞானி 1984-இல் முன்வைத்த சிந்தனைச் சோதனை உதவும். ஒரு இயந்திரம் பூமியில் உங்கள் உடலை அணு அணுவாகப் பதிவு செய்து செவ்வாயில் இன்னொரு ‘உங்களை’ உருவாக்குகிறது. வழக்கமாகப் பூமியில் இருப்பவர் அழிந்துவிடுவார். ஒரு நாள் அவர் அழியாமல் நின்றுவிடுகிறார். இருவருக்கும் நேற்று வரை ஒரே வாழ்க்கை, இன்றிலிருந்து இரண்டு. யார் வீட்டுக்குப் போவது? ஒரு நாவலுக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

எங்கள் உதாரணத்துக்கு வரி இதுதான்: ஆதிரைக்கு உடல் மட்டும் மாறுகிறது, விபத்து நாள் காலை வரையான நினைவு முழுதாக இருக்கிறது. இந்த வரியை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

இரண்டாம் படி: எது மாறவில்லை என்று தேடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று தெரிவதற்குக் கரை நிற்க வேண்டும். எல்லாம் மாறிய பாத்திரம் புதுப் பாத்திரம்தான். வாசகர் அவரைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்வார், பழைய ஆளை இழந்த துக்கம் அவருக்கு வராது.

மாறாதது எங்கே இருக்கும்? கொள்கை, லட்சியம், அன்பு என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு, ஏனென்றால் அவற்றைக் காட்சியாகக் காட்டுவது கடினம். அற்பமான பழக்கங்களில் தேடுங்கள்.

மருத்துவ வரலாற்றில் ஹென்றி மொலைசன் என்பவரின் கதை இதற்கு நல்ல வெளிச்சம் தரும். வலிப்பு நோய்க்காக 1953-இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை இரு பக்கமும் எடுத்ததில் புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் திறன் அவருக்குப் போய்விட்டது. 2008-இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கையைப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே வரைய வேண்டும். முதல் நாள் கை தடுமாறியது. மூன்றாம் நாள் சரளமாக வரைந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் அது தனக்கு முதல் முறை என்றே நினைத்தார். மனதுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருந்தது.

நினைவை அழிக்கும் கதை எழுதுகிறீர்களா, இந்த உண்மையை விடாதீர்கள். பெயர் மறந்த பெண்ணின் விரல்கள் ஒரு கருவியை எடுத்ததும் சரியாகப் பிடிக்கட்டும். தான் யாரென்பதை அவள் தன் கையிடமிருந்து தெரிந்துகொள்ளட்டும். உடலை மாற்றும் கதையில் நிலைமை தலைகீழ். ஆதிரைக்கு எல்லாம் நினைவிருக்கிறது, விரல்கள்தான் புதியவை. எதை எப்படிச் செய்வது என்று தெரியும், செய்ய வராது.

அவளுக்கு ஒரு பழக்கம் கொடுக்கிறேன். தம்பிக்கு நீர்மூழ்கு உடை மாட்டிவிடுவது அவள் வேலை. உடையில் மூன்று கொக்கிகள். இரண்டாவது கொக்கி தேய்ந்து போனதால் இரண்டு முறை அழுத்தினால்தான் விழும். அதனால் அவள் எண்ணுவது எப்போதும் இப்படி: ஒண்ணு, ரெண்டு, ரெண்டரை, மூணு. முதல் அத்தியாயத்தில் விபத்துக்கு முன்பே இதை ஒரு முறை, போகிற போக்கில், யாரும் கவனிக்காதபடி வைத்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அறிமுகப்படுத்தினால் அது வெறும் உத்தியாகிவிடும்.

மூன்றாம் படி: இயந்திரம் வருமுன்பே அந்தப் பிள்ளை எங்கே நின்றது?

கட்டுரையில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் படியைத்தான். பாத்திரத்தின் அடையாளத்தை அறிவியல் மாற்றும் முன்பே அதற்கு ஓர் அடையாள நிலை இருக்க வேண்டும்.

வளரிளம் பருவத்தின் மையச் சிக்கலே அடையாளம்தான் என்று விரிவாக எழுதியவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். அவருடைய வாழ்க்கையே ஒரு நாவல் போன்றது. 1902-இல் பிறந்தவர், பெற்ற தந்தை யாரென்று தெரியாமல் வளர்ந்தார், மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரைச் சுமந்தார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது அந்தப் பெயரை விட்டு, எரிக்கின் மகன் என்று பொருள்படும்படி எரிக்சன் ஆனார். தனக்குத் தானே தந்தையாகிக்கொண்ட பெயர். உங்கள் பாத்திரம் பெயர் மாற்றிக்கொள்ளும் காட்சி எழுதும்போது இதை நினைத்துப் பாருங்கள். ஒரு பெயருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கலாம்.

எரிக்சனின் கருத்தை எடுத்துக்கொண்டு ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் நான்கு நிலைகளைப் பிரித்தார். அவர் கேட்டது இரண்டே கேள்விகள். இந்த இளைஞர் தேடிப் பார்த்தாரா? எதையாவது உறுதியாகப் பற்றிக்கொண்டாரா? தேடவும் இல்லை, பற்றவும் இல்லை என்றால் மிதக்கும் நிலை. தேடாமலேயே பெற்றோர் சொன்னதைப் பற்றிக்கொண்டால் இரவல் நிலை. தேடிக்கொண்டே இருந்து இன்னும் எதையும் பற்றவில்லை என்றால் தவிப்பு நிலை. தேடி, பற்றினால் தெளிந்த நிலை. இந்தத் தமிழ்ப் பெயர்கள் வசதிக்காக நான் வைத்தவை.

நாவலாசிரியருக்கு இதனால் என்ன பயன்? அதே விபத்து, அதே இயந்திர உடல், நான்கு விதமான கதைகளைத் தரும். ஆதிரை மிதக்கும் நிலையில் இருந்தவள் என்று வையுங்கள். எதிலும் ஒட்டாமல், எதையும் விரும்பாமல் இருந்த பெண் உடலை இழந்த பிறகுதான் தான் எதையெல்லாம் விரும்பினாள் என்று முதல் முறையாகக் கண்டுபிடிப்பாள். தவிப்பு நிலையில் இருந்தவள் என்றால் புது உடல் அவளுக்கு விடுதலையாகவே தோன்றலாம். வீட்டார் கலங்க, அவள் கலங்காமல் இருப்பாள், அந்தக் கலங்காமைதான் வீட்டாரைப் பயமுறுத்தும். தெளிந்த நிலையில் இருந்தவளுக்கு அடி அந்தத் தெளிவின் மேலேயே விழும்.

நான் இரவல் நிலையைத் தேர்ந்தெடுக்கிறேன். ஆதிரையின் அம்மா அந்த நிலையத்தின் தலைமை ஆழ்கடல் மூழ்காளர். மகளும் மூழ்காளராவாள் என்பது அவள் பிறந்த நாளிலிருந்தே முடிவு. ஆதிரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போது அவளுக்கு மூச்சே தேவைப்படாத உடல். அம்மாவைவிட ஆழத்துக்குப் போக முடியும், ஆனால் ஆழத்துக்குப் போவதில் இருந்த பயமும் பெருமையும் போய்விட்டன. அம்மா கொடுத்த கனவு மிச்சமின்றி நிறைவேறிவிட்டது, அது தன்னுடையது இல்லை என்றும் தெரிந்துவிட்டது. பாருங்கள், இயந்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட விளக்காமலே கதை நகரத் தொடங்கிவிட்டது.

நான்கு நிலைகளுக்கும் தலா ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எதை எழுதும்போது பேனா நிற்காமல் ஓடுகிறதோ அதுதான் உங்கள் நாவல்.

நான்காம் படி: அடையாளம் காண்பவர் யார், காணாதவர் யார்?

திருமூலர் கதைக்கு வருவோம். மேய்ச்சல் நிலத்தில் மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவன் உடலைச் சுற்றி நின்று முகர்ந்து கதறுகின்றன. அந்த வழியாக வந்த யோகி அவற்றின் துயரம் பொறுக்காமல் தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுந்து எழுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேயப் போகின்றன. மாலையில் அவற்றை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறார். மூலனின் மனைவி அவரைத் தேடி வருகிறாள், அதே உடல் நிற்கிறது, நெருங்குகிறாள். அவர் விலகி, உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். பிறகு தன் பழைய உடலைத் தேடிப் போனால் அது வைத்த இடத்தில் இல்லை.

பக்தி மரபில் இந்தக் கதைக்கு வேறு பொருள் உண்டு, அதை நான் குறைக்கவில்லை. கதை சொல்லும் கலையாக மட்டும் பாருங்கள். பசுக்களுக்கு அந்த உடல் போதும். மனைவிக்குப் போதவில்லை. உள்ளே இருப்பவருக்கோ திரும்பிப் போக வழியில்லை. ஒரே மாற்றத்துக்கு மூன்று சாட்சிகள், மூன்றும் வெவ்வேறு தீர்ப்பு சொல்கின்றன.

உங்கள் நாவலிலும் குறைந்தது மூன்று சாட்சிகளை வையுங்கள். ஒருவர் மாற்றத்தை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும், ஒருவர் ஏற்கவே கூடாது, ஒருவர் கதை நடுவில் மனம் மாற வேண்டும். எங்கள் கதையில் ஆதிரையின் தோழி முதல் நாளே பழையபடி பேசத் தொடங்கிவிடுகிறாள். அது நல்லதாகத் தோன்றும், ஆனால் எதுவும் நடக்காதது போல அவள் நடந்துகொள்வது ஆதிரைக்கு எரிச்சலாக இருக்கும். அம்மா ஏற்க மறுக்கிறாள். மனம் மாறுபவன் தம்பி. பெரியவர்கள் சான்று கேட்பார்கள், பதிவேடு பார்ப்பார்கள். ஒன்பது வயதுப் பையன் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருப்பான்.

ஐந்தாம் படி: விகுதியில் கதை சொல்லுங்கள்

தமிழில் எழுதுபவருக்கு வேறு பல மொழிக்காரர்களுக்குக் கிடைக்காத கருவிகள் கையிலேயே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் ‘அவள் தன் அடையாளத்தை இழந்ததாக உணர்ந்தாள்’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

முதலாவது திணை. உயர்திணை, அஃறிணை என்ற பிரிவு நம் வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. இயந்திர உடல் அறைக்குள் ‘வந்தது’ என்றா, ‘வந்தாள்’ என்றா எழுதப்போகிறீர்கள்? தப்பிக்க வழியே இல்லை, முதல் வாக்கியத்திலேயே தீர்ப்பு சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டாயத்தைப் பலமாக மாற்றிக்கொள்ளுங்கள். மாட்டைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று உவப்பினால் சொல்வதை இலக்கணம் திணை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது, பள்ளியில் படித்திருப்போம். அன்பிருந்தால் அஃறிணையும் உயர்திணையாகும் என்று இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. கோபத்திலும் இழிவிலும் மனிதரை அஃறிணையாக்கவும் நம் பேச்சுக்குத் தெரியும். ஒரு இயந்திரப் பிள்ளையின் முழுப் பயணத்தையும் ‘அது’விலிருந்து ‘அவள்’ வரை நடத்திக் காட்டலாம்.

இரண்டாவது, ‘நாம்’, ‘நாங்கள்’. கேட்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். நகல் மனிதர்களின் கூட்டத்தில் வளர்ந்த ஒருவன் மனிதர்களிடம் பேசும்போது எப்போதும் ‘நாங்கள்’ என்கிறான். முந்நூறாவது பக்கத்தில் ஒரே ஒரு முறை ‘நாம்’ என்று வாய் தவறிச் சொல்கிறான். பக்கத்தில் இருப்பவர் அதைக் கவனித்தும் கவனிக்காதது போல இருக்கிறார். இதற்குமேல் ஒரு வரி விளக்கம் சேர்த்தாலும் கெட்டுவிடும்.

மூன்றாவது, நீ, நீங்க. மரியாதை எப்போதும் அன்பு ஆகாது. வீட்டுக்கு வந்த இயந்திர மகளைப் பார்த்து அம்மா, “உட்காருங்க” என்கிறாள். பதினாறு வருடம் வாடி போடி என்று அழைத்தவள். அந்த ஒரு ‘ங்க’ கதவைச் சாத்துவதைவிடக் கடுமையானது.

நான்காவது, தன்மையில் பால் இல்லை. ‘நான் வந்தேன்’ என்பதில் சொல்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது, படர்க்கையில் வந்தான், வந்தாள் என்று தெரிந்துவிடும். பால் அடையாளத்தைத் தேடிக்கொண்டிருக்கும் பாத்திரத்தைத் தன்மையில் எழுதினால் அவருக்குத் தன் சொந்தக் குரலில் ஒரு பாதுகாப்பான இடம் கிடைக்கிறது, மற்றவர்கள் வாயைத் திறக்கும்போதுதான் ஒரு விகுதி வந்து அவர்மேல் விழுகிறது. எந்த விகுதியை யார் போடுகிறார்கள் என்பதே மோதலாகும்.

இப்போது கொக்கிக் காட்சியை எழுதிப் பார்க்கிறேன். இதற்கு முன் முகில் அம்மாவிடம் பேசும்போதெல்லாம், “அது வந்திருக்கும்மா”, “அது கேக்குது” என்றுதான் சொல்லி வந்திருக்கிறான்.

முகில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். இயந்திர விரல்கள் முதல் கொக்கியை மாட்டின.

“ஒண்ணு.”

இரண்டாவது கொக்கி ‘டக்’கென்று ஒரே அழுத்தில் விழுந்தது. அந்த விரல்களுக்கு அவ்வளவு பலம்.

“ரெண்டு.”

விழுந்துவிட்ட கொக்கியையே விரல்கள் மறுபடி ஒரு தடவை தொட்டன.

“ரெண்டரை. மூணு. ம், திரும்பு.”

முகில் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கழுத்துப் பட்டையில் இருந்த மைக்கை அழுத்தினான்.

“அம்மா, அக்கா வந்துட்டா. நாங்க கெளம்புறோம்.”

‘அடையாளம்’ என்ற சொல்லே இதில் இல்லை. அந்த இரண்டாவது தொடுதலுக்கு இப்போது தேவையே இல்லை, அதனால்தான் அது அவளைக் காட்டிக்கொடுக்கிறது. ‘வந்திருக்கு’ என்பது ‘வந்துட்டா’ ஆகிறது. ‘நாங்க’ என்ற சொல்லில் அக்கா உள்ளே இருக்கிறாள், அம்மா வெளியே இருக்கிறாள். உங்கள் காட்சியை எழுதி முடித்ததும் இப்படி விகுதிகளை மட்டும் தனியாக எடுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றிலேயே கதை தெரிய வேண்டும்.

ஆறாம் படி: அறிவியலைச் சுருக்கமாக, சரியாக வையுங்கள்

விளக்கம் நீளக் கூடாது, ஆனால் பொய்யாகவும் இருக்கக் கூடாது. கருவுக்கு ஏற்ற ஓர் உண்மை போதும், அதைக் காட்சியாக்குங்கள்.

உடல் மாற்றக் கதைக்கு 1998-இல் வெளியான ரப்பர் கைச் சோதனை கைகொடுக்கும். உங்கள் கையை மறைத்துவைத்து, எதிரே ஒரு ரப்பர் கையை வைப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடுவார்கள். சிறிது நேரத்தில் ரப்பர் கையே தன் கை என்ற உணர்வு பலருக்கு வந்துவிடும். ஆக, கண்ணும் தொடுகையும் ஒத்துப்போனால் மூளை புதிய உறுப்பை ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறது. ஆதிரை தன் புது உடலை வெறுத்துக்கொண்டே இருப்பாள் என்று எழுதுவதைவிட, ஒரு நாள் காலையில் வெறுக்க மறந்துபோனாள், அந்த மறதி அவளைத் திடுக்கிட வைத்தது என்று எழுதுவது உண்மைக்கு நெருக்கமானது.

நகல் கதைக்கு ஒரு பூனை. 2001 டிசம்பரில் பிறந்த உலகின் முதல் குளோனிங் பூனைக்குத் தன் மரபணுத் தாயின் மூவண்ண ரோமம் வரவில்லை, செம்மஞ்சள் நிறமே இல்லாமல் பிறந்தது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் எந்த எக்ஸ் குரோமோசோம் அணைந்துபோகும் என்பதில் தற்செயல் இருப்பதால் ரோம நிறம் அப்படியே திரும்ப வருவதில்லை. மரபணு ஒன்றாக இருந்தும் ரோமத்தின் நிறம்கூட ஒன்றாக வரவில்லை என்றால், நகல் பிள்ளை அசலைப் போலவே நினைக்கும், பேசும் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

பொருத்தப்பட்ட நினைவுகளைப் பற்றி எழுதுபவர்களுக்கு 1995-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் வெளியிட்ட ஆய்வு. சிறு வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத சம்பவம் ஒன்றை உண்மைச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். பங்கேற்ற 24 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பகுதியாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’. இயந்திரமே தேவைப்படவில்லை, வீட்டார் சொன்னதாக ஒரு பேச்சு போதுமாக இருந்தது.

ஏழாம் படி: முடிவில் பழைய ஆளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

பழைய உடல், பழைய நினைவு, பழைய பெயர் எல்லாம் திரும்பி வந்து சுபம் போடும் முடிவுகளை நான் எதிர்க்கிறேன். இளம் வாசகர்களில் பலருக்கு மாற்றம் கற்பனை அல்ல. ஊர் மாறியவர்கள் இருக்கிறார்கள், நோயோ விபத்தோ உடலை மாற்றியவர்கள் இருக்கிறார்கள், பெயரையும் பாலையும் தாங்களே தேர்ந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் ‘பழையபடி’ ஆகப்போவதில்லை. மாற்றத்தை நோயாகவும் பழைய நிலையைக் குணமாகவும் காட்டும் நாவல் அவர்கள் முகத்தில் அடிக்கிறது. மாற்றத்தைக் கடைசிப் பக்கத்து அதிர்ச்சியாக ஒளித்துவைப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. யாருடைய இருப்பும் இன்னொருவருக்குத் திடுக்கிடும் திருப்பமாக இருக்கக் கூடாது.

பதிலாக ஒரு தேர்வை வையுங்கள். பழைய ஆதிரையால் எடுத்திருக்க முடியாத, புதிய ஆதிரையால் மட்டுமே எடுக்க முடிந்த முடிவு. கீழே ஆழத்தில் ஒரு கருவி பழுதாகிறது. மூச்சு தேவையில்லாத அவளால்தான் போக முடியும், எல்லோரும் அதையே எதிர்பார்க்கிறார்கள். அவள் போய்ச் சரிசெய்துவிட்டு வந்து, “இதுதான் கடைசி, நான் மூழ்காளர் இல்லை” என்கிறாள். உடல் மாறியதால் அந்தச் சொல் அவளுக்குக் கிடைத்தது. அதற்கு விலையும் இருக்கட்டும்: அம்மாவோடு அவளுக்கு இருந்த ஒரே பொதுப் பேச்சு மூழ்குவதுதான்.

எட்டாம் படி: திருத்தும்போது

முதல் வரைவு முடிந்ததும் ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு இரண்டு நிறப் பேனாக்களை எடுங்கள். பாத்திரம் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று வரும் இடங்களை ஒரு நிறத்தில், மற்றவர்கள் அதை எப்படி அழைக்கிறார்கள், எப்படித் தொடுகிறார்கள் என்று வரும் இடங்களை இன்னொரு நிறத்தில் கோடிடுங்கள். முதல் நிறமே பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தால் பாதியை அடித்துவிட்டுச் சாட்சிகளைக் கூப்பிடுங்கள். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது தொடர்ந்து அரைப் பக்கத்தைத் தாண்டும் இடங்களையும் வெட்டுங்கள். முதல் படியில் ஒட்டிவைத்த ஒரு வரியோடு ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒப்பிடுங்கள். வழியில் இரண்டாவது மாற்றம் எதுவும் புகுந்திருந்தால் அதை அடுத்த நாவலுக்கு எடுத்துவையுங்கள்.

அந்த வயதில் இருக்கும் யாராவது ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். ‘எந்த இடத்தில் இவள் பழைய ஆதிரை இல்லை என்று தோன்றியது, எந்த இடத்தில் அவளேதான் என்று தோன்றியது’ என்று கேளுங்கள். அவர்கள் விரல் வைத்துக் காட்டும் பக்கங்கள் நீங்கள் நினைத்த பக்கங்களாக இருக்காது. அந்தப் பக்கங்களிலிருந்து இரண்டாம் வரைவைத் தொடங்குங்கள்.

கொக்கிக் காட்சியை நான் இன்னும் முடிக்கவில்லை. முகில் மைக்கில் சொன்னதற்கு அம்மா பதில் சொல்ல வேண்டும். இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது இரண்டே சொல்: “பாத்துப் போங்க.” அந்த ‘ங்க’ இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னதா, வந்த அன்று “உட்காருங்க” என்றாளே, அந்த ‘ங்க’வா என்பதை அவள் குரல்தான் சொல்ல வேண்டும். அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.